இருநூற்றுப் பதினாறு படிகள்

ஜப்பான், யமகதா
கார்த்திகை மாதம், வளர்பிறை

அன்பு மகள் மன்மாயாவுக்கு,

அப்பா சிங்கபீர் சொல்ல, உன் தம்பி டம்பரின் மனைவி தில்குமாரி எழுதும் கடிதம். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதையும், நீ பார்க்கும் பிரசவங்களில் தாயும் பிள்ளையும் பிழைத்து வீட்டுக்குப் போவதையும் கேட்க ஆசை. மேலத்தெருவில் இரட்டைப் பிள்ளை என்று சொன்னாயே, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? எருமை சினையாக இருந்தால் அதற்குத் தனியாகப் புல் போடச் சொல். கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற இடம் தெற்கு மூலையிலிருந்து நான்காவது தகரம். நான் வரும்வரை கல்லை வைத்து அழுத்தச் சொல்லு.

டம்பரின் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்க்கும் லோக்பகதூர் நாளை மறுநாள் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்களே இன்னும் பதினெட்டு நாளில் போகப்போகிறீர்களே, நேரில் சொல்லிக்கொள்ளலாமே என்று தில்குமாரி கேட்டாள். முப்பத்திரண்டு வருடமாக நேரில்தானே இருக்கிறோம், சொல்லவில்லையே என்றேன். அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, உன் தம்பி இந்த ஊரில் தலை நிமிர்ந்த கதை. அதை நான் வந்ததும் ஊர் முழுக்கச் சொல்லத்தான் போகிறேன். ஆனாலும் முதலில் உன் காதில் விழ வேண்டும். மற்றது உனக்கும் எனக்கும் மட்டும் உள்ளது. நல்லதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

இந்தத் தொண்ணூறு நாள் அனுமதியில் நான் வருவது இது மூன்றாவது வருடம் அல்லவா. மூன்று முறையும் இலை பழுக்கும் காலம்தான். இகராஷியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கடைக்குப் பின்னால் வயலும், தக்காளிபோல் சிவந்து பழுக்கும் சீமைப் பனிச்சை மரமும் வைத்திருப்பவன், மனைவி போனபிறகு தினமும் மதியம் நம் கடையில் பருப்புச் சோறு தின்பவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் பேசுவது எனக்குப் பாதி புரியும், நான் பேசுவது அவனுக்குக் கால்வாசி புரியும். மீதிக்கு டம்பர் இருக்கிறான்.

நெல் பழுக்க ஆரம்பிக்கும்போது இந்த ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் கல் அடுக்கி, பெரிய சட்டியில் சேப்பங்கிழங்குக் குழம்பு வைத்துத் தின்பார்கள். குடும்பம் குடும்பமாக, தெரு தெருவாகப் புகை எழும். குழம்பில் மாட்டிறைச்சி போடுவதுதான் இந்தப் பள்ளத்தாக்கு வழக்கம். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன் பன்றி போடுவான், அவனை இவர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. நாம் மாடு தின்ன மாட்டோம் என்று தெரிந்து, இந்த வருடம் இகராஷி எங்களுக்காகத் தனியாக ஒரு சட்டியில் பன்றிக்கறி போட்டான். மீன் கடைக்காரர் தோகாஷி அதைப் பார்த்துவிட்டார். கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

“ஏய் இகராஷி, எப்ப மலைக்கு அந்தாண்ட குடிபோன? உங்கப்பா சமாதியில புரண்டு படுப்பாரு” என்றார்.

“படுக்கட்டும். ஒரே பக்கமா படுத்து அவருக்கு இடுப்பு வலிச்சிருக்கும்” என்றான் இகராஷி.

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு சட்டியும் காலியானது. எங்கள் சட்டிதான் முதலில் காலி என்பதை எழுது தில்குமாரி. தோகாஷி மூன்று கிண்ணம் சாப்பிட்டதை நான் எண்ணினேன்.

பேச்சு திருவிழாவுக்குப் போனது. மலைமேல் இருக்கும் கோயிலின் சாமிப் பல்லக்கை அறுவடை மாதம் ஊரைச் சுற்றித் தூக்கிவந்து, கல்படி ஏற்றி, திரும்பக் கோயிலில் வைக்க வேண்டும். இருநூற்றுப் பதினாறு படிகள். போன இரண்டு வருடமும் அதைச் சின்ன லாரியில் வைத்துப் பின்பக்கச் சாலை வழியாக ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். சவலைப் பிள்ளையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவதுபோல் இருந்தது. தூக்குவதற்குப் பதினாறு தோள் வேண்டும், ஊரில் இருப்பது ஏழு என்று இகராஷி சொன்னான். பிள்ளைகள் எல்லாம் பட்டணத்தில்.

எவ்வளவு கனம் என்று கேட்டேன். நானூறு கிலோ என்றார்கள். பதினாறு பேருக்குத் தலைக்கு இருபத்தைந்து. நான் பன்னிரண்டு வயதில் உப்பு மூட்டை அதைவிடக் கூடத் தூக்கியிருக்கிறேன். மீதி ஒன்பது தோளை நான் தருகிறேன் என்று சொல்லு என்றேன் டம்பரிடம்.

“அப்பா, சும்மா இருங்க. இது அவங்க சாமி” என்றான் மெல்ல.

“நீ சொல்லுடா.”

அவன் காது சிவக்கச் சொன்னான். உன் தம்பி இந்த ஊருக்கு வந்து ஏழு வருடம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவனை அழைப்பார்கள், நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், விருந்தாளி என்பார்கள். ஏழு வருடமாக விருந்தாளியாகவே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

தோகாஷி தொண்டையைச் செருமிக்கொண்டு, “குழம்புக் கடைக்காரங்க தூக்கினா சாமி மேல மசாலா வாசனை அடிக்குமே” என்றார்.

“ஐம்பது வருஷமா நீ தூக்கினப்ப மீன் வாசனை அடிச்சுது. சாமி மூக்கைப் பிடிச்சாரா?” என்றான் இகராஷி.

தோகாஷி சிரிக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் கடைசியாகத் தோளில் ஏற்றியபோது படியில் பல்லக்கு சரிந்தது, ஒருவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அன்றைக்கு முன்னால் நின்று கட்டளை கொடுத்தவன் இகராஷி. யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப்பிறகு லாரிதான். தோகாஷி விரலை நீட்டிச் சொன்னார்: “ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் தர்றேன். ஒரு தடவை கீழ விழுந்தாலும் பல்லக்கைக் கொட்டகையில வெச்சுப் பூட்டிடுவேன். அப்புறம் லாரியும் கிடையாது, தோளும் கிடையாது. டம்பர் சான், நீயும் அதுக்கப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.”

டம்பர் எழுந்து நின்று இடுப்பு வளையக் கும்பிட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில், “நீங்க எதுக்குப்பா வாயைக் குடுத்தீங்க?” என்றான். நான்கு அடி நடந்து, “தூக்கிடலாம்ல?” என்றான்.

ஒன்பது பேரைச் சேர்த்தோம். டம்பர், கடையில் சமைக்கும் இரண்டு பேர், சோற்றுப் பொட்டலத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஆறு பேர். எல்லோரும் நம் பக்கத்துப் பிள்ளைகள், பாக்லுங், குல்மி மாவட்டத்துக்காரர்கள். ஆனால் சுமை தூக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. ரோடு வந்தபிறகு பிறந்தவர்கள். லோக்பகதூருக்குத் தோள் இருக்கிற இடமே தெரியவில்லை, கழுத்தால் தூக்குகிறான். “பெரியப்பா, ஏன் கத்துறீங்க, இது மூட்டை, சாமி இன்னும் வரலை” என்பான். சாயங்காலம் சாயங்காலம் இகராஷியின் டிராக்டர் கொட்டகையில் இரண்டு மரத்தண்டு கட்டி, நெல்மூட்டை ஏற்றிப் பழக்கினேன். ஒவ்வொருவன் தோள் உயரத்தையும் ஜாண் கணக்கில் மனதில் வைத்துக்கொண்டேன். படி ஏறும்போது குட்டையானவன் முன்னால், நெட்டையானவன் பின்னால். மூச்சை இரண்டு படிக்கு ஒரு முறை விட வேண்டும். மூட்டைமேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தினாலும் முதலிலிருந்து நடக்க வேண்டும். மூன்று வாரத்தில் கொட்டகையை நாற்பது சுற்றுச் சுற்றி வந்தாலும் தண்ணீர் அசையவில்லை. இகராஷி ஓர் ஓரத்தில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டு பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

திருவிழாவுக்கு முந்தின நாள் நம் தசைன் பண்டிகையின் பத்தாம் நாள். கடையை மூடி, எல்லோருக்கும் தயிரும் சிவப்பும் பிசைந்த அரிசிப் பொட்டு வைத்து ஆசீர்வாதம் செய்தேன். இகராஷியும் வரிசையில் வந்து தலை குனிந்தான். பெரியவன் சின்னவனுக்குத்தான் வைக்க வேண்டும், நீ எனக்கு மூத்தவன், நீதான் எனக்கு வைக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் அள்ளி வைத்ததில் தயிரும் அரிசியும் என் மூக்கின்மேல் வழிந்தது. இந்த வயதில் எனக்கு ஆசீர்வாதம் செய்ய ஒருத்தன் கிடைத்தான். உன் பொட்டைத் தட்டில் தனியாக வைத்து, தெற்கும் மேற்குமாகப் பார்த்துத் தூவினேன். நம் ஊர் இங்கிருந்து அந்தத் திசை என்று டம்பர் போனில் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் காலை பல்லக்கை இறக்கி வந்தார்கள். கறுப்பு அரக்கு, உச்சியில் பொன் பறவை, நான்கு மூலையிலும் சிவப்புக் கயிறு. நம் பிள்ளைகள் நீல அரைச்சட்டை போட்டு, தலையில் துணி கட்டி, நெற்றியில் நேற்றைய சிவப்பு இன்னும் கலையாமல் நின்றார்கள். ஒன்பது பேர் முன்னால், ஊர்க்காரர்கள் ஏழு பேர் பின்னால். நான் பக்கத்தில். தூக்கியதும் என் நெஞ்சு நிறைந்தது. தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தாலும் அசைந்திருக்காது. அவ்வளவு பதமாகப் போனார்கள்.

ஆனால் என்னவோ சரியில்லை. பின்னால் இருந்த ஏழு பேரும் மேலும் கீழுமாக ஆட்டுகிறார்கள், முன்னால் ஒன்பது பேரும் மட்டமாகப் பிடிக்கிறார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்கும் மாடு மாதிரி பல்லக்கு முறுக்கிக்கொண்டது. தெருவில் நின்றவர்கள் கை தட்டத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்கள். சாராயக் கடை ஃபுமி அம்மாள், எண்பது வயது இருக்கும், வாசலில் நின்று உரக்கக் கேட்டாள்: “ஏன்டாப்பா, சாமிக்கு உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோறீங்க?”

டம்பர் இதை அப்போது எனக்கு நம் பாஷையில் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பாஷையில் ஆஸ்பத்திரி என்ற சொல் எனக்கே தெரியும்.

தோகாஷி ஓடி வந்தார். “ஆட்டணும்! குலுக்கணும்! இப்படித் தூக்கினா சாமி தூங்கிடுவாரு!” இகராஷி என் கையைப் பிடித்தான். டம்பர் தண்டுக்கு அடியிலிருந்தே மாற்றிச் சொன்னான்: அதிர அதிரத்தான் இவர்கள் சாமிக்குச் சந்தோஷமாம், குலுக்கக் குலுக்கத்தான் அடுத்த வருட நெல் நன்றாக விளையுமாம். கொட்டகையில் ஏன் சொல்லவில்லை என்று இகராஷியைக் கேட்டேன். “பழக்குறதுக்குத்தான் அப்படி மெதுவான்னு நினைச்சேன். அதுவும் இல்லாம, இவ்வளவு அழகா யாரும் தூக்கி நான் பார்த்ததில்ல. நிறுத்த மனசு வரலை” என்றான்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. சாமி தூக்க ஆள் பழக்கச் சொன்னால், நோயாளியைத் தூக்க ஆள் பழக்கியிருக்கிறேன். இந்த முப்பத்திரண்டு வருடத்தில் என் முதுகில் எத்தனை நோயாளி ஏறினார்கள், உனக்குத் தெரியும். எலும்பு முறிந்தவர்கள், பிள்ளைத்தாச்சிகள். முதுகுக் கூடையில் உட்கார்ந்தவர்களுக்கு வழியின் குலுக்கல் தெரியக் கூடாது என்று தூக்கினேன். எனக்கு வேறு மாதிரி தூக்கவே மறந்துவிட்டது.

டம்பர் என்னையே பார்த்தான். ஆட்டுங்கடா என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். உடனே அவன் ஒரு கத்து கத்தினான் பார், அடிவயிற்றிலிருந்து. அவன் குரலில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மற்றப் பதினைந்து பேரும் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பல்லக்கு எகிறியது, பொன் பறவை பறப்பதுபோல் ஆடியது. ஃபுமி அம்மாள் வாளித் தண்ணீரை எடுத்து எல்லோர்மேலும் வீசினாள். அதுவும் வழக்கமாம். லோக்பகதூர், “பாட்டி, சாராயக் கடைக்காரிதானே நீ, தண்ணியா ஊத்துற?” என்று கத்தினான். தெருவே சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். என்னால் அந்தக் குலுக்கலைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் படிக்கு வந்தோம். மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும். இரு பக்கமும் கிங்கோ மரம். அதன் பழம் படியெல்லாம் கொட்டிக் கிடக்கும், மிதித்தால் வழுக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். காலையில் பெருக்கியிருந்தார்கள், ஆனால் அதற்குள் மறுபடி விழுந்துவிட்டது. இங்கே வழக்கம் என்னவென்றால், கீழே ஒரு முறை மூச்சைப் பிடித்தால் மேலே போய்த்தான் விட வேண்டும். ஒரே ஓட்டம். நடுவில் நிற்கக் கூடாது.

இது மட்டும் முடியாது என்றேன். “குலுக்கச் சொன்னீங்க, குலுக்கினோம். ஆனா படியில ஓட விட மாட்டேன். இருபது படிக்கு ஒரு தடவை நிப்போம். தோள் மாத்துவோம். மூச்சு விடுவோம்” என்று டம்பரைச் சொல்லச் சொன்னேன்.

தோகாஷியின் முகம் கறுத்தது. “நடுவுல நின்னா சாமிக்கு அவமானம்.”

“சாமி கீழ விழுந்தது அவமானமா தெரியலியா உனக்கு? பதினோரு வருஷமா எனக்குத் தெரியுது” என்றான் இகராஷி. அவன் அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னான். ஊர்க்காரர்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். தோகாஷி ஒதுங்கி வழி விட்டார்.

ஏறினோம். நான் முன்னால், பல்லக்கைப் பார்த்தபடி பின்னோக்கி, ஒவ்வொரு படியாக ஏறினேன். என் வாயில் எண் மட்டும்தான். இருபதில் நின்றோம். நாற்பதில் நின்றோம். கீழே கூட்டம் அண்ணாந்து நின்றது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். நூற்றிருபதில் தோள் மாற்றியபோது டம்பரின் கழுத்து நரம்பு கயிறுபோல் நின்றது. நூற்று முப்பத்தேழாவது படியில் லோக்பகதூரின் கால் பழத்தில் பட்டது.

அவன் முழங்கால் மடங்கியது. பல்லக்கு இடது பக்கம் இறங்கியது. கீழேயிருந்து பெண்கள் கத்தினார்கள். தோகாஷி, “ஓடுங்க! நிக்காதீங்க, ஓடுங்க!” என்று அலறினார். பின்னாலிருந்தவர்கள் தள்ளப் பார்த்தார்கள். நான் “நில்!” என்றேன். நம் பாஷையில்தான் சொன்னேன். பதினாறு பேரும் நின்றார்கள், அந்த ஏழு பேரும்கூட. டம்பர் இடது பக்கம் ஓர் அடி நகர்ந்து, லோக்பகதூரின் பாரத்தையும் தன் தோளில் வாங்கினான். இரண்டு பேர் கனம். அவன் முகத்தில் வலி தெரிந்தது, கால் அசையவில்லை. “எழுந்துக்கோடா, நான் பிடிச்சிருக்கேன், அவசரப்படாத” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. லோக்பகதூர் எழுந்து, காலைத் துடைத்து, தோள் கொடுத்தான். அதுவரை நான் எண்ணினேன், பதினெட்டு மூச்சு.

அப்போது கீழே ஃபுமி அம்மாள் கை தட்ட ஆரம்பித்தாள். மெதுவாக, ஒரு படிக்கு ஒரு தட்டு. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தட்டுக்கு ஏற்ப ஏறினோம். இருநூற்றுப் பதினாறு. மேல் வாசலில் கால் வைத்ததும் டம்பர் என்னைப் பார்த்தான். இந்த முறை நானே வாய் திறந்து சொன்னேன்: “இப்ப ஆட்டுடா. ஆசை தீர ஆட்டு.”

கோயில் முற்றத்தில் அவர்கள் ஆடிய ஆட்டத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இகராஷி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். தோகாஷி மூக்கைச் சிந்திவிட்டு டம்பரிடம் வந்து, “அடுத்த வருஷம் மசாலாவைக் கொஞ்சம் கம்மியா போட்டுட்டு வாங்க” என்றார். அடுத்த வருஷம் என்றார், கேட்டாயா.

பல்லக்கு தூக்கியவர்களின் பெயரை மரப்பலகையில் எழுதிக் கோயில் கூடத்தில் மாட்டுவார்கள். நம் ஒன்பது பேர் பெயரும் இருக்கிறது. உன் தம்பி பெயர் மேலிருந்து மூன்றாவது. கடைசியில் ஒன்று இருந்தது, அது யார் என்று கேட்டேன். நீங்கள்தான் என்றான் டம்பர். விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. என் பெயரை அவர்கள் எழுதினால் இப்படித்தான் இருக்கும்போல. ஏழு வருடம் நாற்காலியில் உட்கார வைத்தவனை இப்போது தெருவில், சான் என்ற மரியாதைச் சொல்கூட இல்லாமல், “டம்பர், இந்தப் பீப்பாயைக் கொஞ்சம் தூக்கிக் குடேன்” என்று கூப்பிடுகிறார்கள். அவனும் சலித்துக்கொண்டே போகிறான். அந்தச் சலிப்பில் எவ்வளவு சந்தோஷம் என்று தில்குமாரிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி மற்றது.

போன வாரம் இகராஷி தன் சின்ன வண்டியில் என்னை மலையிடுக்குக்கு அழைத்துப் போனான். இவர்கள் இலையைப் பார்ப்பதற்கென்றே கிளம்பிப் போவார்கள். வெட்ட மாட்டார்கள், மாட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள், பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மலை முழுக்கச் சிவப்பு, கீழே ஆறு. டம்பருக்குக் கடை இருந்தது, வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான். சோற்று உருண்டை தின்றோம். இகராஷி ஆற்றைப் பார்த்துக்கொண்டு அவன் பாஷையில் நெடுநேரம் பேசினான். பதினொரு வருடத்துக்கு முந்தைய அந்தப் படியைப் பற்றி என்று தெரிந்தது, கையைச் சரித்துக் காட்டினான். அவன் முடித்ததும் நான் என் பாஷையில் பேசினேன். உன் அம்மாவைப் பற்றிப் பேசினேன். என் வாயால் அதைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவன் தன் தேநீரை எனக்கு ஊற்றிக் கொடுத்தான். புரியாதவனிடம் சொல்ல முடிந்ததை, உடன் நடந்து வந்த உன்னிடம் சொல்லாமல் இருப்பது சரியா என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

டம்பர் பிறந்து இரண்டாம் நாள். உன் அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. விடிந்ததும் சுமைக் கூடையில் உட்கார வைத்து, கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். உனக்கு ஒன்பது வயது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாய். அந்தப் பக்கத்தில் என்னைவிட வேகமாகச் சுமை கொண்டுபோகிறவன் கிடையாது என்று எனக்குத் திமிர். ஆற்றுக்கு இறங்கும் கல்படியில் ஓடினேன். ஒவ்வொரு படியிலும் கூடை குதித்தது. “மெல்லப் போங்கப்பா, அம்மா முனகுறா” என்று நீ பின்னாலிருந்து சொன்னாய். வாயை மூடிக்கொண்டு வா என்றேன். நீ இன்னொரு முறை சொன்னாய். நான் இன்னும் வேகமாக ஓடினேன்.

பாலத்துக்கு முன்னால் கனம் மாறியது. சுமை தூக்குகிறவனுக்கு அது தெரியும். நான் கூடையை இறக்கவில்லை. பாலத்தைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் நடந்தேன். நீ அதன்பிறகு மெல்லப் போகச் சொல்லவே இல்லை. உனக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

மெல்லப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவள், எத்தனையோ தாய்மார்களைப் பார்த்தவள், உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் உன்னிடம் கேட்கவே பயந்தேன்.

அந்த நூற்று முப்பத்தேழாவது படியில் எல்லோரும் ஓடு ஓடு என்றார்கள். நான் நில் என்றேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை.

லோக்பகதூரிடம் உனக்கு ஒரு கம்பளிச் சட்டை, இகராஷி காயவைத்த சீமைப் பனிச்சம்பழம் பன்னிரண்டு, மாப்பிள்ளைக்கு ஒரு டார்ச் விளக்கு கொடுத்திருக்கிறேன். தசைன் பொட்டு உன் நெற்றிக்கு வந்து சேர்ந்ததாக நினைத்துக்கொள். நீ தொட்ட பிள்ளைகள் எல்லாம் உரக்க அழுது, நன்றாக வளரட்டும். நீ நூறு வயது இரு.

நான் வரும் பேருந்து வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடைத்தெருவுக்கு வரும். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேர ஏற்றம். நீ வந்தால், எப்போதும்போல மாத்திரை சாப்பிட்டீர்களா, குளிருக்குப் போர்த்தினீர்களா என்று ஆரம்பிக்காதே மகளே. அன்றைக்கு ஆற்றிலிருந்து வீடு திரும்பும்வரை நீ மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டு வந்தாயோ, அதைச் சொல். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சொல். நீ முன்னால் நட. உன் கால் போகிற வேகத்தில் நான் பின்னால் வருகிறேன்.

உன் அப்பா,
சிங்கபீர்